விரல் வைக்க இடமுள்ள படங்கள்

பட்டியல் எங்கே, பட்டியல் எங்கே என்று மூன்று வாரமாகக் குழுவில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தயாராகத்தான் இருக்கிறது. பதினொரு புத்தகங்கள். ரப்பர் தோட்டம் போய்விட்டது, வரிசை வீடுகளாக நாம் குடியிருந்த லயங்கள் போய்விட்டன, நம் பள்ளிக்கூடத்தின் பெயர் மட்டும் கோலசிலாங்கூர் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே திறக்கப்போகும் வாசிப்பு அறைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, கிள்ளானில் முப்பது வருடம் புத்தகக் கடையில் நின்றவள் என்று சொல்லி வேலையை என் தலையில் கட்டினீர்கள். நானும் மறுக்கவில்லை.

பாதிப் பட்டியலைப் போன வாரம் போட்டதும், தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகன் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "எல்லாமே படப் பொஸ்தகமா இருக்கே லா. படம் பாத்துப் பழகிட்டா புள்ளைங்களுக்கு எழுத்து எப்படி ஏறும்?" அதற்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டிய ஏழு பேரையும் எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளும். பசியாறிவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் புத்தகங்களைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கதையில் இழுத்துவிட்டு வேலையை மறந்துவிட்டேன் என்பீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கெட்டி அட்டைப் புத்தகங்கள் நான்கு. நனைந்தாலும் தாங்கும், கடித்தாலும் தாங்கும். ஒன்றில் ஒரு சந்தை. மீன், முருங்கைக்காய், தராசு, குடை, பூனை என்று பக்கத்துக்கு ஐந்தாறு சாமான், அவ்வளவுதான். இன்னொன்றில் எழுத்தே கிடையாது. அடுக்குமாடி வீட்டில் மழை நாளில் ஒரு பிள்ளை சன்னல் வழியாக என்னென்ன பார்க்கிறது என்று முழுக்கப் படம். எழுத்து இல்லாத புத்தகத்துக்கு எதற்கு இந்த விலை என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். எழுத்து படிக்கத் தொடங்கியவர்களுக்கு நான்கு. அதில் நம் பக்கத்துச் சதுப்புநிலக் கண்டல் காட்டைப் பற்றிய புத்தகம் அருமை. சுங்கை செம்பிலாங் மாதிரி ஒரு மீனவர் கிராமத்தில் தொடங்கி, படகிலேயே போய், மின்மினி அப்பிய மரத்தில் முடிகிறது. பத்து, பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு மூன்று. கதை பெரியது, நடுநடுவே கறுப்பு மையில் படங்கள். அம்மாவோடு ஊர் மாறிப்போகும் ஒரு பெண், பழைய வீட்டின் வரைபடத்தை ஒவ்வோர் அறையாக நினைத்து நினைத்து வரைந்து முடிக்கும் கதை ஒன்று. கடையில் நின்றபடியே முக்கால்வாசி படித்துவிட்டேன்.

இவை எல்லாவற்றையும் ஒரே விதமாகத்தான் சோதித்தேன். பக்கத்தைத் திறந்து என் ஆள்காட்டி விரலைப் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பேன். ஒரு சாமான் மேல் விரல் வைத்தால் பக்கத்துச் சாமானில் படக் கூடாது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தால் அந்தப் புத்தகம் வேண்டாம். ரவாங் கடையில் இருந்த பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, டச் ஸ்கிரீனா அது?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

எனக்கு ஒரு தங்கச்சி. உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். எங்கள் லயத்துக் கடைசி வீட்டு வாசற்படியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அவள்தான். ஐந்து வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஊமைச்சி என்று கூப்பிட்டுவிட்டு ஓடியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். கோபம் இல்லை. ஒருமுறை நானே உங்களோடு சேர்ந்து ஓடியிருக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மா பால்மரம் வெட்டப் போவார். அப்பா தோட்டத்து லோரியில் பால் ஏற்றிக்கொண்டு போவார். ஆயாக்கொட்டகையில் தங்கச்சியை வைத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள், ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டாளாம். காலையில் அத்தை தன் வேலையிடத்துக்கு அவளைக் கூட்டிப்போவார், பள்ளிக்கூடம் விட்டதும் என் பொறுப்பு. நீங்கள் எல்லாம் வாய்க்காலில் குதிக்கும்போது நான் அவளைக் காவல் காத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். அவள்மேல் எனக்கு ஆசை இருந்தது, எரிச்சலும் நிறைய இருந்தது.

அத்தை துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தார். அந்த வருடம் பழைய துரை குடும்பத்தோடு தன் நாட்டுக்குத் திரும்பிப் போனார். பங்களாவைக் காலி செய்தபோது வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான்களில் ஒரு எனாமல் தட்டும் ஒரு புத்தகமும் அத்தைக்குக் கிடைத்தன. தட்டு அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டது. புத்தகம் எங்கள் வீட்டுக்கு வந்தது. தாம்பாளம் அகலம், கெட்டி அட்டை, பாச்சை உருண்டை வாசனை. ஒரு மூலையில் பல் பதிந்திருந்தது. எந்த நாட்டுப் பிள்ளை கடித்ததோ தெரியாது. பக்கம் பக்கமாக ஒரு சமையல் அறை, ஒரு கடற்கரை, ஒரு பண்ணை, ஒரு தெரு, சீக்காளிப் பையன் படுத்திருக்கும் ஒரு அறை. நம் வீட்டில் இருந்த சாமான் ஒன்றுகூட அதில் இல்லை. கீழே இருந்த இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க வீட்டில் ஆளும் இல்லை.

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பேசினாலும் கேட்காது. தங்கச்சி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்து ஒரு கோப்பைப் படத்தின் மேல் அழுத்தினாள். நான் விரலை எடுத்தேன். மறுபடி இழுத்து அழுத்தினாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நாலாவது தடவை வலிக்கிற மாதிரி அழுத்தியபோது, என்ன தோன்றியதோ, எழுந்து போய் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மூச்சுவிடாமல் குடித்தாள். குடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தன் விரலால் அவள் எதையும் காட்டியதில்லை, என் விரலைப் பிடித்துத்தான் காட்டுவாள். கோப்பை என்றால் தண்ணீர். மேகம் என்றால் இட்லி. கடற்கரையில் ஒரு பிள்ளையின் கையில் இருந்த வாளி, பால் வாளி தூக்கும் அம்மா. சிவப்புப் பேருந்து அப்பா. நான் யார் என்று கேட்கிறீர்களா? பண்ணைப் பக்கத்தில் இருந்த வாத்து. காலை அகட்டி நடப்பேன் என்று நீங்களும்தானே கிண்டல் செய்வீர்கள். தெருப் பக்கத்தில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. அது கிராணி வீட்டு நாய். அந்தப் பக்கம் வந்தால் இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்துத் தாண்டிவிடுவாள். சீக்காளிப் பையனின் காலில் கட்டுப் போட்டிருந்தது. அந்தக் கட்டு என்றால் வலி. அதில் என் விரலை வைத்துவிட்டு, பிறகு அதே விரலைத் தன் வயிற்றுக்கோ பல்லுக்கோ கொண்டுபோவாள். வலிக்கிற இடம் அது.

கொஞ்ச நாளில் இரண்டு படங்களைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கினாள். பேருந்தும் கட்டிலும், அப்பா தூங்குகிறார். ஒருநாள் என் விரலை வாளியில் வைத்தாள், பிறகு பக்கத்தைத் தேடிப் போய்ப் பையனின் கால்கட்டின் மேல் வைத்தாள். பிறகு என் விரலை என் தோளிலேயே வைத்தாள். அன்று சாயங்காலம் அம்மாவிடம், தோள் வலிக்கிறதா என்று கேட்டேன். அம்மா திகைத்துப்போனார். காண்டாக்கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுச் சுமந்து தோள் வீங்கியிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. ஒனக்கு யாரு சொன்னா என்று கேட்டார். நானே பார்த்தேன் என்றேன். அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

தங்கச்சி சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. இதை இத்தனை வருடத்தில் முதல்முறையாக உங்களிடம்தான் சொல்கிறேன். ஏன் மறைத்தேன்? வகுப்பில் எனக்குக் கணக்கு வராது, ஓட்டப் பந்தயத்தில் கடைசி, பாட்டு வராது. அவள் சொல்வது புரியும் ஒரே ஆள் நான். அதை வேறு யாருக்கும் பங்கு போட எனக்கு மனம் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் புத்தி அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும்.

அம்மா சும்மா இருக்கவில்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் பார்த்துவிட்டு, சில பிள்ளைகளுக்குத் தாமதமாகும், தானாக வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். லயத்துப் பெண்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எந்நேரமும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வாய் எப்படித் திறக்கும் என்பதுதான் எல்லோரும் சொன்னது. கிராணி மகனே, உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் ஏன் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன் என்று இப்போது தெரிகிறதா?

அந்த வருடத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், வழக்கம்போல, வெட்டுக்காரர்களை மேய்க்கும் மண்டோருக்குச் சாமி வந்தது. நமக்குத் தெரிந்த மண்டோர்தான், மற்ற நாளில் நாம் மரத்தில் ஏறினால் பிரம்போடு துரத்துவார். அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் காலில் விழுந்தார். அவர் வேப்பிலையால் அவள் முகத்தைத் தடவிவிட்டுச் சொன்னார்: "புள்ளைக்கு உசுரா இருக்கிறத எனக்குக் குடு. நான் பேச்சு குடுக்கிறேன்."

மறுநாள் காலையில் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அடுப்பைப் பார்த்தபடியே என்னைக் கேட்டார்.

"ஏம்மா, நீதானே அவகூடயே இருக்கே. ஒந்தங்கச்சிக்கு உசுரா எது இருக்கு? கொலுசா? அந்தக் கோழிக்குஞ்சா?"

"இல்லம்மா. அந்தப் பொஸ்தகந்தான்."

யோசிக்கவே இல்லை. கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த பெருமைதான் இருந்தது. அம்மனுக்குக் கொடுத்தால் பேச்சு வந்துவிடும், பேச்சு வந்துவிட்டால் புத்தகம் எதற்கு, நானும் உங்களோடு வாய்க்காலுக்கு வரலாம். என் கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

மூன்றாம் நாள் மஞ்சள் நீராட்டு. மத்தியானத்துக்கு மேல் கரகத்தை ஆற்றில் விடப் போனோம். நீங்கள் எல்லோரும் மஞ்சள் தண்ணீரில் நனைந்துகொண்டு வந்தீர்கள். அம்மா புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமம் வைத்து, தலையில் சுமந்து வந்தார். கரையில் இறங்கியதும் அதைத் தங்கச்சியின் இரண்டு கையிலும் கொடுத்து, அவள் கையாலேயே தண்ணீரில் தள்ளவைத்தார். கும்பிடச் சொன்னார். அவளும் கும்பிட்டாள். அட்டை உடனே முழுகவில்லை. துணி அவிழ்ந்து, புத்தகம் விரிந்துகொண்டு, சுழன்றபடியே போனது. சேற்றுத் தண்ணீரில் பண்ணைப் பக்கத்தின் பச்சை கொஞ்ச தூரம் தெரிந்தது.

அப்போது தங்கச்சி என் விரலைப் பிடித்தாள். பிடித்து, புத்தகம் போன திசையில் நீட்டினாள். நீட்டிய கையை இறக்க விடவில்லை. புத்தகம் நகர நகர என் விரலையும் நகர்த்தினாள். கண்ணுக்கு மறைந்த பிறகும் பிடித்துக்கொண்டே நின்றாள், எனக்குத் தோள் இற்றுப்போனது. சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். "பாரு, இப்பவே புள்ளை என்னமோ சொல்ல வருது" என்று யாரோ சொன்னார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். அது சந்தோஷத்தில் அழுத அழுகை.

அடுத்த சில நாட்களில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினாள். சுவரில் வைத்தாள். பிஸ்கட் டின்னில் இருந்த ரோஜாப் பூவில் வைத்தாள். நாள்காட்டியில் இருந்த சாமி படத்தில் ஒவ்வோர் இடமாக வைத்து என் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் சேலைப் பூவில் வைத்தாள். எதற்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் தெரியவில்லை என்று தலையாட்டினேன். அவளுக்கு என்ன வேண்டுமென்று தெரிந்த ஒரே ஆளான நானும் இல்லாமல் போனேன்.

பொறுக்க முடியாமல் என் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நானே வரைந்தேன். கோப்பை, வாளி, வாத்து, கட்டுப் போட்ட பையன். எனக்கு வரையவும் வராது. அந்தப் பையன் வாழையிலையில் கட்டிய பொட்டலம் மாதிரி இருந்தான். ஆனாலும் தங்கச்சி ஓடிவந்து உட்கார்ந்தாள். என் விரலை எடுத்து, நேராகப் பையனின் கால்கட்டின் மேல் வைத்தாள். பிறகு தன் காதில் வைத்தாள். மறுபடி கட்டு, மறுபடி காது.

வெளிக்காட்டில் வேலை முடிந்து அம்மா திரும்பிய நேரம் அது. படத்தைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை, அவ்வளவும் பயம். புத்தகத்தைப் பிடுங்கி அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

"ஆத்தாளுக்குக் குடுத்தத திருப்பி வாங்குறியாடி? பேச்சு வராமப் போயிரும்டி அவளுக்கு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மா, இவள் இதில்தான் பேசுகிறாள், இப்போதுகூடப் பேசினாள், காது வலிக்கிறதாம் என்று. வாய்வரை வந்தது. ஆனால் எனக்கும் அதே பயம் பிடித்துவிட்டது. என்னால் வேண்டுதல் கெட்டுவிட்டால்? பேச்சு வழியில் வந்துகொண்டிருக்கும்போது நான் தடுத்துவிட்டால்? நானும் அம்மனை நம்பித்தான் வாயை மூடிக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்துத் தலையணையெல்லாம் சீழ். டிரஸ்ஸர் மருந்து விட்டார், பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காது மட்டும் அதற்குப் பிறகு சரியாகக் கேட்கவில்லை. என் விரலை அவள் அதன்பின் பிடிக்கவே இல்லை. நானாக நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

பேச்சும் வரவில்லை. அம்மா காத்திருந்தார். அந்த வருடத் தீபாவளிக்கு வரும் என்றார், தைப்பூசத்துக்கு வரும் என்றார். அப்பா போய், தோட்டமும் போய், என்னோடு கிள்ளானுக்கு வந்த பிறகும் காத்திருந்தார். கடைசி வருடத்தில் படுக்கையில் இருந்தபோது ஒருநாள் சொன்னார்: "பொஸ்தகத்தப் போயிக் குடுத்தேனே. காசு போட்டு வாங்குனதுகூட இல்ல. என் மூக்குத்தியக் குடுத்திருந்தா ஆத்தா மனசு எறங்கியிருப்பா. கொறச்சலாக் குடுத்துட்டேன்."

விடும்மா என்று மட்டும் சொன்னேன். குறைச்சலாகக் கொடுக்கவில்லை, அவளிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாய் என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் அம்மா எப்படிக் கண்ணை மூடியிருப்பார்?

எனக்கே அது முழுதாகப் புரிந்தது கடையில் நின்றபோதுதான். தஞ்சோங் காராங்கிலிருந்து ஒரு இளம் தாய் மகனோடு வந்திருந்தாள். பையன் பேசுவதில்லை, படம் தொட்டுப் பழக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு ஏற்ற புத்தகம் வேண்டும் என்றாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் இப்போது முதலில் அதைத்தான் செய்வார்களாம். அந்தப் பையன் அவள் விரலைப் பிடித்து அலமாரியில் இருந்த ஒரு பந்துப் படத்தின் மேல் வைத்தான். அவள் உடனே பந்து என்றாள். நான் கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தங்கச்சிக்கு இப்போது ஐம்பத்தெட்டு. என்னோடுதான் இருக்கிறாள். காய் நறுக்குவாள், துணி மடிப்பாள், விளக்கு ஏற்றுவாள். கோபப்பட மாட்டாள். இத்தனை வருடம் புத்தகக் கடையில் வேலை பார்த்த நான் ஒரு படப் புத்தகம்கூட அவளுக்கு வாங்கி வந்ததில்லை. தைரியம் இல்லை. அவள் அதைப் பார்த்து அழுதால் என்ன செய்வது, அழாவிட்டால் என்ன செய்வது என்று இரண்டுக்கும் பயந்தேன். இந்தப் பட்டியலுக்காகத்தான் பதினொரு புத்தகங்களும் முதல்முறையாக என் வீட்டுக்குள் வந்தன.

போன சனிக்கிழமை காலை பசியாறி முடித்ததும் சந்தைப் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் விரித்து வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் கையை அவள் கைக்கு அருகில் வைத்துக்கொண்டேன். என் கையை அவள் தொடவில்லை. ஒவ்வொரு பக்கமாகக் கடைசிவரை பார்த்தாள். தராசு இருக்கும் பக்கத்தில் நெடுநேரம் இருந்தாள். பிறகு புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். சாமி மேடைக்கு முன்னால் போய், புத்தகத்தை இரண்டு கையாலும் அம்மன் படத்தின் காலடியில் வைத்தாள். கோணலாக இருந்ததை நேராக்கினாள். கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டு வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, அப்படியே காத்து நின்றாள்.

நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாயை மூடிக்கொண்டாள். திரும்பி வந்து என் முன்னால் நின்று, அடுத்த புத்தகத்துக்குக் கையை நீட்டினாள்.